வாசகர் கேள்வி பதில்: ஆய்வில் அளவிடும் முறைகள்

கேள்வி: சுகாதார ஆய்வொன்றுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் என் பிரஷரை மூன்று முறை அளந்தார்கள். முதல் அளவைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். சேர்க்காத அளவை ஏன் எடுக்க வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் ஆய்வு முறை இப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. பங்குபற்றுபவரை 15 நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, மூன்று நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து, பின்னைய இரண்டின் சராசரியை எடுப்பார்கள். அறிமுகமில்லாத ஒருவர் வந்து கையில் பட்டியைச் சுற்றியதும் பலருக்குக் குருதியமுக்கம் சற்று உயர்ந்துவிடுவதால், முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அளக்கும்போது பேசினாலும், கால்மேல் கால் போட்டிருந்தாலும், பருத்த கைக்குச் சிறிய பட்டியைச் சுற்றினாலும் அளவு கூடும். ஒருவருக்கு ஐந்து அலகு கூடுதலாகக் காட்டுவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் உயர் குருதியமுக்கம் என்று கணக்கிடும் 140 என்ற எல்லையை (இரு எண்களில் மேல் எண்) ஒட்டிப் பெருந்தொகையானோர் இருப்பதால், அந்த ஐந்து அலகு ஒரு நகரத்தின் நோயாளர் விகிதத்தையே மாற்றிவிடும்.

கேள்வி: தாதியர் கல்வி இறுதியாண்டு ஆய்வுக்காக, ஆடைத் தொழிற்சாலைப் பெண்களிடம் பீஎச்கியூ-9 என்ற மனச்சோர்வு வினாக்கொத்தின் தமிழ் வடிவத்தைப் பயன்படுத்தினேன். குரொன்பாக் அல்பா 0.8ஐத் தாண்டியது. ஆகவே வினாக்கொத்து தகுதியானது என்றும், 10 அல்லது அதற்கு மேல் புள்ளி பெற்ற ஐந்திலொரு பங்கினருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது என்றும் எழுதலாமா?
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டையும் எழுத வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1951இல் லீ குரொன்பாக் விளக்கிய அல்பா, வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்து செல்கின்றன என்பதை மட்டுமே சொல்லும். அவை எதை அளக்கின்றன என்பதைச் சொல்லாது. இந்த வினாக்கொத்து நித்திரையின்மை, களைப்பு, பசியில் மாற்றம், கவனச்சிதறல் ஆகியவற்றையும் கேட்கிறது. இரவு வேலைமுறையில் நின்றபடியே உழைக்கும் ஒரு பெண்ணிடம் இவை எல்லாம் ஒருங்கே இருப்பதற்கு வேலைப்பளுவே போதும். அப்போதும் அல்பா உயர்வாகத்தான் வரும். தகுதியை, அதாவது வினாக்கொத்து அளக்க வேண்டியதையே அளக்கிறது என்பதை, நிறுவ வேண்டுமானால், அதே பெண்களில் ஒரு பகுதியினரை, அவர்களுடைய புள்ளிகளை அறியாத உளமருத்துவர் ஒருவர் முறையான நேர்காணலில் பரிசோதித்து, இரண்டு முடிவுகளையும் ஒப்பிட வேண்டும்.

10 என்ற எல்லை 2001இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிலிருந்து பரவலாகியது. அங்கு அந்த எல்லை, நோயுள்ள ஒவ்வொரு 100 பேரிலும் 88 பேரைச் சரியாகக் கண்டது; நோயில்லாத ஒவ்வொரு 100 பேரிலும் 88 பேரைச் சரியாக விலக்கியது. கேட்கும்போது மிக நல்ல கருவியாகவே தோன்றுகிறது. இப்போது 1,000 பெண்களில் உண்மையில் 100 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 100 பேரில் 88 பேர் எல்லையைத் தாண்டுவார்கள். நோயில்லாத 900 பேரில் 12 சதவீதம், அதாவது 108 பேரும் தாண்டுவார்கள். மொத்தம் 196 பேர். உண்மை பத்திலொரு பங்காக இருக்க, உங்கள் அறிக்கை ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு என்று சொல்லும். சுட்டப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நோயற்றவர்களாக இருப்பார்கள். அந்த 88 சதவீதம் நம் பெண்களிடமும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொண்டால்கூட இதுதான் நிலை. எனவே “10 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி பெற்றோர்” என்று மட்டும் எழுதுங்கள், நோயென்று பெயரிடாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒன்பதாவது வினா, இறந்துவிடலாம் என்ற எண்ணத்தையும் தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு ஆமென்று குறித்த பெண்ணின் தாளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் புள்ளிவிவரம் செய்வதை எந்த ஆய்வு நெறியும் ஏற்காது. அவர்களை அன்றைக்கே யாரிடம் அனுப்புவது என்பதை மேற்பார்வையாளருடன் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசிச் சேவையையும் ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: மணிக்கட்டில் கட்டும் பிரஷர் மெஷினையும் கையில் கட்டும் மெஷினையும் மகன் பல நாட்கள் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் இணைபுக் குணகம் 0.9க்கு மேல். இனி மணிக்கட்டு மெஷினையே நம்பலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தெஹிவளை

பதில்: மகனின் அக்கறை மெச்சத்தக்கது, ஆனால் இணைபு இதற்குரிய அளவுகோல் அன்று. ஒன்று கூடும்போது மற்றதும் சேர்ந்து கூடுகிறதா என்பதை மட்டுமே அது சொல்லும், இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்பதைச் சொல்லாது. ஒரு மெஷின் எப்போதும் 15 அலகு கூடுதலாகக் காட்டினாலும் இணைபு முழுமையாக 1 என்றே வரும். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1986இல் லான்செட் இதழில் இதை எடுத்துக்காட்டி, எளிய மாற்று வழியையும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள், அவற்றின் சராசரியையும், அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலையும் காணுங்கள், சராசரியிலிருந்து 1.96 நியம விலகல் மேலும் கீழும் சென்றால், வித்தியாசங்களில் ஏறத்தாழ 95 சதவீதம் அடங்கும் எல்லை கிடைக்கும். அந்த எல்லை –18 முதல் +22 வரை விரிந்திருந்தால், 150 இருப்பவருக்கு மெஷின் 132 என்றும் காட்டலாம். புதிய கருவிகளைப் பரிசோதிக்கும் சர்வதேச நியமம், சராசரி வித்தியாசம் 5 அலகுக்கும் நியம விலகல் 8 அலகுக்கும் மேற்படக் கூடாது என்கிறது. மணிக்கட்டு மெஷினை நெஞ்சு மட்டத்தில் பிடிக்காவிட்டால் அளவு மேலும் பிழைக்கும் என்பதால், கையில் கட்டும் மெஷினையே வைத்துக்கொண்டு, அடுத்த கிளினிக்குக்குச் செல்லும்போது அதையும் எடுத்துச் சென்று தாதியின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.