வைட்டமின் தானே, அதிகமானா என்ன?

கேள்வி: எனக்கு வயசு 41. உடம்பு வலி, எப்பவும் அசதின்னு டாக்டர்கிட்ட போனேன், டெஸ்ட்ல வைட்டமின் டி 11னு வந்துச்சு. 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒண்ணு, எட்டு வாரம் போடச் சொன்னாங்க, முடிச்சுட்டேன். ஆனா அசதி முழுசா போகல, அதனால நானே வாங்கி இன்னும் மூணு மாசமா வாராவாரம் போட்டுட்டு இருக்கேன். வைட்டமின் தானே, மிச்சம் ஆனா ஒண்ணுக்குல போயிடாதா? இப்ப என் மாமியாரும் இதையே எடுத்து போட்டுக்கறாங்க, அவங்களுக்கு டெஸ்ட்டே எடுக்கல.

பதில்: போகாதுங்க. அப்படிப் போறது பி, சி மாதிரி தண்ணில கரையுற வைட்டமின்தான். டி கொழுப்புல கரையுறது, உடம்பு அதைச் சேர்த்து வச்சுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, எட்டு வாரமும் அப்புறம் மூணு மாசமும் சேர்த்தா கிட்டத்தட்ட 20 மாத்திரை, அதாவது 12 லட்சம் யூனிட். வாரம் 60,000னா ஒரு நாளைக்கு சுமார் 8,500 ஆகுது, பெரியவங்க தானா எடுத்துக்க தினம் 4,000 வரைக்கும்தான் உச்ச அளவுன்னு சொல்லியிருக்காங்க. டாக்டர் அதுக்கு மேல கொடுத்தது காலியான தொட்டியை நிரப்ப, நிரம்பினதும் குழாயை மூடணும்ல.

பயந்துடாதீங்க, ரத்தத்துல 150 நானோகிராமைத் தாண்டினாதான் பெரும்பாலும் விஷமாகும், உங்களுக்கு அந்தளவுக்கு ஏறியிருக்க வாய்ப்பு கம்மி. ஆனா இன்னிக்கே நிறுத்திட்டு டி, கால்சியம், கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின், இந்த மூணு டெஸ்ட்டையும் பார்த்துடுங்க. டி ரொம்ப ஏறினா கால்சியமும் ஏறும், அப்போ தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, மலச்சிக்கல், குமட்டல், கூடவே அசதியும் வரும். ஆமா, எந்த அசதிக்காக மாத்திரை போடறீங்களோ அதே அசதிதான்! அளவு சரியா இருந்தும் அசதி போகலன்னா தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சுகர், தூக்கம்னு வேற பக்கம் தேடணும், எல்லாத்தையும் டி தலையில கட்டக்கூடாது.

ரிப்போர்ட்ல எண்ணுக்குப் பக்கத்துல இருக்கற அலகையும் பாருங்க. நானோகிராம்னா 20க்குக் கீழ குறைபாடு, சில லேப்ல நானோமோல்ல போடுவாங்க, அதுல இதே 20 தான் 50. இது தெரியாம 45ன்னு பார்த்துட்டு நமக்கு ஒண்ணுமில்லன்னு விட்டவங்களும் உண்டு.

ரிசல்ட் நல்லா இருந்தா பராமரிப்பு டோஸ்னு சின்ன அளவு போதும், பொதுவா தினம் 1,000லேர்ந்து 2,000, இல்லன்னா மாசம் ஒரு 60,000, எதுன்னு டாக்டர் சொல்லட்டும். உடம்பு ரொம்ப குண்டா இருந்தாலோ வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலோ கூடுதலா தேவைப்படலாம். வெறும் வயித்துல முழுங்காம, கொஞ்சம் எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. அட்டையிலயே தேதியை பேனாவுல எழுதி வச்சுடுங்க, வாரம் ஒண்ணை தினம் ஒண்ணுன்னு போட்டு ஆஸ்பத்திரில படுத்தவங்க இருக்காங்க. டோஸை மாத்தினா மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட், அதுக்கு முன்னாடி எடுத்தா அளவு நிலைக்கு வந்திருக்காது, காசுதான் வேஸ்ட்.

மாமியார் விஷயத்துக்கு வரேன். வயசானவங்களுக்கு எலும்பு கெட்டியாகட்டும்னு வருஷத்துக்கு ஒரே தடவையா 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010ல வெளிவந்துச்சு, அதுல மருந்து எடுத்த பாட்டிங்கதான் அதிகமா விழுந்தாங்க, எலும்பும் அதிகமா உடைஞ்சுது. உங்க மாமியார் போடறது அந்த அளவு இல்லதான், இருந்தாலும் கிட்னி கல், கிட்னி கோளாறு, பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரைன்னு ஏதாவது இருந்தா நிலைமை வேற. கேட்டுட்டு போடச் சொல்லுங்க.

கேள்வி: ஜன்னல் ஓரமா தினம் அரை மணி நேரம் வெயில் காயறேன், போதுமா?

பதில்: கண்ணாடி மூடியிருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல, டி உண்டாக்கற புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துடும். வெளியில வந்து நில்லுங்க.