ஆடிக் குளிரில் ஒரு பானை கூழ்

அன்புள்ள அக்கா,
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடிக்கூழ் ஊற்றுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மக்காச்சோள மாவில் காய்ச்சுகிறார்கள் என்றதும் மனசு ஒப்பவில்லை. கேழ்வரகும் கம்பும் இல்லாதது கூழாகுமா? மாரியம்மன் திருவிழாவைக்கூடப் புனித வெள்ளியில் வைக்கிறார்கள் என்கிறீர்கள். வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டே போனால் மரபு என்று என்னதான் மிஞ்சும்?
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

கல்யாணமாகி இங்கே வந்த முதல் ஆடியில் நானும் மாமியாரிடம் இதையேதான் கேட்டேன். "எங்க பாட்டிக்கு அதுதாம்மா கெடச்சுது" என்றார்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். அவர்களுக்குப் படியளந்ததில் அரிசிக்குப் பதிலாக மக்காச்சோள மாவும் இருந்தது. கேழ்வரகுக்கு எங்கே போவார்கள்? கையில் இருந்த மாவைக் காய்ச்சி, புளிக்க வைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு அம்மனுக்குப் படைத்தார்கள். இன்று பல வீடுகளில் மோருக்குப் பதில், ஜூலு மக்கள் குடிக்கும் அமாசி என்கிற புளித்த பாலை ஊற்றுகிறார்கள். உங்கள் கூழில் கடித்துக்கொள்ளும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துகீசியர் வழியாக நம் ஊருக்கு வந்ததுதான், தங்கச்சி. மக்காச்சோளமும் அதே மண்ணில் பிறந்தது.

‘வசதி’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்தான் என்னை வருத்தியது. தங்களுக்கென்று ஒரு நாளைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். ஈஸ்டருக்குத்தான் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது, அதனால் அம்மனுக்கும் அதுவே திருநாளாயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மன் கோயில்களில் இன்றும் ஈஸ்டர் நாட்களில் கூட்டம் நெரிகிறது.

இன்னொன்று. ஊரில் வெயிலுக்கு உடம்பு குளிரட்டும் என்று கூழ் குடிப்போம். இங்கே ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலம். விடியற்காலையில் சுவெட்டர் போட்டுக்கொண்டு அடுப்பு மூட்டுகிறோம். காரணமே தலைகீழாகிவிட்ட நாட்டில் மாதத்தை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறார்கள். நிறவெறிக் காலத்தில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்டபோது மாமியார் வீட்டார் கொண்டுவந்த சாமான்களில் கூழ்ப் பானையும் ஒன்று. கூழ் ஊற்றுவதை இப்போது ‘பாரிட்ஜ் பிரேயர்’ (கூழ் வழிபாடு) என்றுதான் சொல்கிறார்கள். இருக்கட்டும். தெருவில் யார் வந்தாலும் ஒரு டம்ளர் ஊற்றாமல் அனுப்புவதில்லை.

ஆனால் உங்கள் கவலை வீண் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் பயம் உண்டு, மாவைப் பற்றி அல்ல. என் மகள் அம்மன் பாட்டுகளை ராகம் பிசகாமல் பாடுவாள். நோட்டில் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும். போன ஆடியில் பானையைக் கிளறிக்கொண்டே, "ஆத்தான்னா என்னம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டம், மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் மாமியாரும் நானும் வாயை மூடினால் தமிழும் நின்றுவிடும். நான்தான் அவளிடம் இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும்.

அதனால் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் தெருவில் கூழ் ஊற்றும்போது பெண்கள் பாடுகிற பாட்டு ஏதாவது இருந்தால், பொருளோடு எழுதி அனுப்புங்கள். ஆடி பிறப்பதற்குள் அவளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்க வைக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா