தூண்டிலுக்கும் முக்குளிப்புக்கும் ஒரே கயாக்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வார இறுதியில் தூண்டில் போடவும், ஸ்கூபா சிலிண்டரோடு முக்குளிக்கவும் ஒரே கயாக்காக வாங்க நினைக்கிறேன். உயரமான நாற்காலி வைத்த மீன்பிடிக் கயாக்கையே எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். என் எடை 75 கிலோ. சரிவருமா? (நீலாங்கரை)

பதில்: தூண்டிலுக்கு மட்டும் என்றால் அவர் சொல்வது சரி. முக்குளிப்பும் உண்டு என்றால் அந்த நாற்காலிதான் முதல் தொல்லை. தண்ணீரிலிருந்து கயாக்கில் ஏறுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். துடுப்புச் செருப்பால் (காலில் மாட்டும் ஃபின்) உதைத்து எழும்பி, வயிற்றைக் குறுக்கே போட்டு, மல்லாந்து புரண்டு, அப்புறம்தான் உட்கார முடியும். நடுவில் அலுமினியச் சட்டம் நின்றால் வயிறு போட இடமில்லை. சட்டத்தைப் பிடித்து இழுத்தீர்களோ, கயாக் உங்கள் தலைமேல் கவிழும். தூண்டில்காரருக்கு உயரம் வேண்டும், முக்குளிப்பவருக்குத் தாழ்வு வேண்டும். இரண்டையும் ஒரே படகில் கேட்கும்போது தாழ்வையே தேர்ந்தெடுங்கள். தளத்தோடு ஒட்டிய மெத்தை இருக்கை போதும். நாற்காலிதான் வேண்டும் என்றால் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகக்கூடியதாக இருக்கட்டும்.

வகையைப் பொறுத்தவரை 'சிட்-ஆன்-டாப்' தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை கவிழ்ந்தால் குடம்போலத் தண்ணீர் மொண்டுகொள்ளும். பம்ப் வைத்து இறைத்தால்தான் மறுபடி ஓட்ட முடியும். சிட்-ஆன்-டாப்பில் தளம் மூடியிருக்கும், மேலே விழும் தண்ணீர் ஸ்கப்பர் துளைகள் வழியே கீழே வடிந்துவிடும். கட்டுமரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: அலை மேலே ஏறும், மரங்களின் இடுக்கில் இறங்கிப் போய்விடும்.

அடுத்தது எடைக் கணக்கு. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் காற்று நிரம்பிய நிலையில் ஏறக்குறைய 17 கிலோ. பிசிடி (காற்று ஏற்றி இறக்கும் மிதவைச் சட்டை) மூன்றரை, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) இரண்டு, அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் நான்கு, துடுப்புச் செருப்பு முகமூடி வகையறா இரண்டரை. நங்கூரம், சங்கிலி, கயிறு மூன்று கிலோ. தூண்டில் சாமான், ஐஸ், குடிதண்ணீர் எல்லாம் சேர்ந்து பதினொன்று. ஆக 43 கிலோ, உங்களோடு சேர்த்து 118. தயாரிப்பாளர் எழுதியிருக்கும் 'அதிகபட்ச சுமை' என்பது கயாக் மூழ்காமல் இருக்கும் எல்லை. அந்தச் சுமையில் தளத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும், துடுப்புக்கு நகராது. அந்த எண்ணில் 70 சதவீதத்தையே நம்புங்கள். அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது குறைந்தது 170 கிலோ தாங்கும் கயாக்.

நீளம் 3.9 முதல் 4.3 மீட்டர், அகலம் 72 முதல் 78 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் நீளத்தில் 85, 90 அகலம் உள்ளவை ஆடாமல் நிற்கும். ஆனால் எதிர்க்காற்றில் மாட்டு வண்டிதான். 65-க்கும் குறுகியவை வேகமாகப் போகும், ஏறுவது பெரும்பாடு.

கடைக்குப் போகும்போது உங்கள் காலி சிலிண்டரை பிசிடியோடு பூட்டி எடுத்துப் போங்கள். இருக்கைக்குப் பின்னுள்ள குழியில் படுக்க வைத்துப் பாருங்கள். 75 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும். 'சிலிண்டர் குழி' என்று விளம்பரத்தில் இருந்தும், பால் கிரேட் ஒன்றுக்கு மட்டும் இடம் விட்ட மாடல்கள் உண்டு. குழி மிகவும் பின்தள்ளி இருந்தால் பின்முனை அமுங்கி முன்முனை தூக்கும். பக்கக்காற்று அந்த முனையைத் தள்ளித் திருப்பிக்கொண்டே இருக்கும். ஈயப் பட்டையையும் நங்கூரத்தையும் காலுக்கு முன்னால் வைத்தால் ஓரளவு சமனாகும். கூடவே வரும் இழுபட்டை ரப்பர் கயிற்றை நம்பாதீர்கள். அலையில் கவிழும்போது 17 கிலோ சிலிண்டர் அதை நீட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். பக்கிள் வைத்த நைலான் பட்டை இரண்டு போடுங்கள்.

கேள்வி: ராட் ஹோல்டர் (தூண்டில் கோல் தாங்கி), மீன் காட்டும் கருவி எல்லாம் எங்கே பொருத்துவது? சிலிண்டரை மாட்டிக்கொண்டே கடலில் குதிக்கலாமா? (கடலூர்)

பதில்: குதிக்கக் கூடாது. சிலிண்டர் முதுகில் இருக்கும்போது உங்கள் எடைமையம் உயர்ந்துவிடும். எழுந்து திரும்புவதற்குள் கயாக் புரளும். வழக்கமான முறை இது. நங்கூரம் போட்டு, முக்குளிப்புக் கொடியை உயர்த்துங்கள். பிசிடியில் காற்று ஏற்றி, இரண்டு மீட்டர் கயிற்றில் கிளிப் மாட்டித் தண்ணீரில் இறக்குங்கள், அது மிதக்கும். முகமூடியும் துடுப்புச் செருப்பும் போட்டுக்கொண்டு வழுக்கி இறங்கி, தண்ணீரில் வைத்து பிசிடியை அணியுங்கள். ஈயப் பட்டை கடைசியில். திரும்பும்போது ஈயம்தான் முதலில் கழல வேண்டும், அதைக் கயாக்கில் கிளிப் மாட்டிய பிறகு பிசிடி. துடுப்புச் செருப்பைக் கழற்றாமல் ஏறுங்கள். அது இல்லாமல் உதைத்து எழும்ப முடியாது. ஈயப் பட்டையை பிசிடிக்கு முன்பே இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவதுதான் புதியவர்கள் செய்யும் ஆபத்தான தவறு: மிதக்க எதுவும் இல்லாமல் நேரே கீழே போவார்கள்.

இதிலேயே முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது. நீங்கள் ஏறும் பக்கம் எதுவோ, அந்தப் பக்கத்தை மொட்டையாக விடுங்கள். ராட் ஹோல்டர், கருவியின் தண்டு எல்லாம் மறுபக்கம். ஏறும் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றிலும் ரெகுலேட்டர் குழாய் மாட்டும், இல்லாவிட்டால் விலா எலும்பு இடிக்கும். தூண்டில் முள் டப்பா மூடியோடு முன்பக்கம் இருக்கட்டும். பிசிடியின் காற்றுப்பையை ஒரு முள் கிழித்தால் அன்றைய முக்குளிப்பு முடிந்தது. பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, அதன் கீழேயே முங்கவும் வேண்டாம்; ஐஸ் பையில் போடுங்கள்.

கேள்வி: பழைய கயாக் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (புதுச்சேரி)

பதில்: நிறம் மங்கியிருப்பதும் மேல்கீறல்களும் பெரிய குறையல்ல. உள்ளே தண்ணீர் புகுமா என்பதுதான் கேள்வி. சிட்-ஆன்-டாப் மூழ்காது என்ற நம்பிக்கையில் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூடிய தளத்துக்குக் கீழே 20 லிட்டர் புகுந்தால் அது 20 கிலோ சுமையாக ஓரிடத்தில் நிற்காது. கயாக் இடப்பக்கம் சாய்ந்தால் அத்தனையும் இடப்பக்கம் ஓடும், சாய்வைப் பெருக்கும். நன்றாக நின்ற கயாக் திடீரென்று 'ஆட ஆரம்பிக்கிறது' என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கவிழ்த்துப் போட்டு, பின்முனையின் அடியில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சிமென்டிலும் மணலிலும் இழுத்து இழுத்துத் தேய்வது அந்த இடம்தான். பிளாஸ்டிக் உள்ளே வளைந்து கொடுத்தால் அங்கே தோல்போல மெலிந்துவிட்டது என்று பொருள். அடுத்து ஒவ்வொரு ஸ்கப்பர் துளைக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். துளையும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருக்கும். பிறகு பழைய சொந்தக்காரர் போட்டுக் கழற்றிய ஸ்க்ரூ துளைகள்.

கண்ணுக்குத் தெரியாததைச் சோப்பு நுரை காட்டும். ஹாட்ச் (தளத்திலுள்ள உள்ளறைத் திறப்பு) மூடிகளை இறுக்கி, பின்முனை வடிகால் அடைப்பானைக் கழற்றி, அந்தத் துளையில் வாய் வைத்து ஊதுங்கள். காற்று உள்ளே தங்கி எதிர்த்துத் தள்ளினால் நல்லது. இன்னொருவர் சோப்புத் தண்ணீரை ஸ்பாஞ்சில் தொட்டு ஸ்கப்பர் விளிம்பு, ஸ்க்ரூ, மூடி ஓரம் என்று தடவிக்கொண்டே வரட்டும். குமிழி வரும் இடம் ஓட்டை. சைக்கிள் பஞ்சர் கடை வித்தைதான். கம்ப்ரசர் வைத்து ஊதாதீர்கள், மூடி பிய்ந்துவிடும்.

ஹாட்ச் ஓரத்தில் கசிந்தால் ரப்பர் வளையம் மாற்றினால் போதும். ஸ்க்ரூ துளையை சிலிக்கான் வைத்து அடைக்கலாம். ஸ்கப்பர் வெடிப்பு அப்படியல்ல. பாலிஎத்திலீனில் எபாக்சியோ ஃபைபர்கிளாஸ் பிசினோ நிலைத்து ஒட்டாது. அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து, உருகாத 'கிராஸ்லிங்க்டு' வகை பாலிஎத்திலீன் என்றால் அதுவும் பிடிக்காது. வெடிப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் பாதி விலையும் அதிகம். எந்தக் கயாக் வாங்கினாலும் உள்ளே முன்னும் பின்னும் நுரைப் பலகையை அசையாமல் செருகி வையுங்கள். ஓட்டை விழுந்தாலும் அந்த இடத்தைத் தண்ணீர் பிடிக்க முடியாது.

கேள்வி: காற்றடைத்த கயாக்? பெடல் கயாக்? (திருச்செந்தூர்)

பதில்: காற்றடைத்தது இந்த வேலைக்கு வேண்டாம். முள், கத்தி, சிலிண்டரின் அடிவிளிம்பு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதோடு தண்ணீருக்குமேல் உயர்ந்து நிற்பதால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். நம் கிழக்குக் கரையில் கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும் நாளில் கரையோரம் தண்ணீர் தட்டையாக, சாதுவாகத் தெரியும்; ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. திரும்பி வரும்போதுதான் தெரியும்.

பெடல் கயாக் தூண்டில்காரருக்குச் சொகுசு, கை இரண்டும் ஓய்வாக இருக்கும். அடியில் நீட்டும் துடுப்பிதழுக்கோ புரொப்பெல்லருக்கோ அரை மீட்டர் ஆழம் தேவை. பாறையிலும் கரையலையிலும் அடிபடும். விலையும் எடையும் கூடுதல். வாங்கினாலும் சாதாரணத் துடுப்பு ஒன்று கயிறு கட்டி உடன் இருக்க வேண்டும்.

கேள்வி: நங்கூரம் எவ்வளவு எடை, கயிறு எவ்வளவு? (இராமநாதபுரம்)

பதில்: மடக்கும் நான்கு நக நங்கூரம் ஒன்றரை கிலோ, அதோடு ஒரு மீட்டர் சங்கிலி, 6 மில்லிமீட்டர் கயிறு. கயிற்றின் நீளம் ஆழத்தைப்போல மூன்று மடங்கு. 12 மீட்டர் ஆழத்துக்கு 36 மீட்டர். சங்கிலி இல்லாவிட்டால் கயிறு மேல்நோக்கி இழுக்கும், நகம் மணலில் புதையாது.

கயிற்றை முன்முனையிலோ பின்முனையிலோ மட்டும் கட்டுங்கள். கை எட்டும் தூரம் என்று நடுப்பக்கத்தில் கட்டினால், நீவாடு (கடல் நீரோட்டம்) வலுக்கும்போது கயாக் குறுக்கே திரும்பி, கட்டிய பக்கம் தண்ணீருக்குள் இழுபடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே முனைக்குக் கொண்டுபோக, பக்கவாட்டில் கப்பி வைத்த கயிற்று வளையம் பொருத்திக்கொள்ளலாம். கயிற்றின் நுனியில் மிதவை கட்டி, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு போடுங்கள்.

முக்குளிக்கும்போது நங்கூரக் கயிற்றைப் பிடித்தே இறங்கி, நகம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். மேலே ஆளில்லாத கயாக் விலகிப் போனால் உங்களுக்கு வேறு படகு கிடையாது. பவளத்தின்மேல் நகத்தைப் போடாமல் மணல் திட்டு தேடிப் போடுங்கள். உங்கள் பக்கத்து மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நங்கூரம் போடும் எண்ணமே வேண்டாம்.

கேள்வி: மணலில் தள்ளிப் போக எந்தச் சக்கர வண்டி நல்லது? (நாகப்பட்டினம்)

பதில்: ஸ்கப்பர் துளைக்குள் கம்பி செருகும் வகையைத் தவிருங்கள், மேலே சொன்ன வெடிப்புகளில் பல அதனால் வருபவை. அடியில் தொட்டில்போலத் தாங்கிப் பட்டையால் கட்டும் வண்டி, பருத்த டயரோடு எடுங்கள். சிலிண்டரையும் ஈயத்தையும் வண்டியில் ஏற்றாமல், தண்ணீர் ஓரம் வரை தனியாகத் தூக்கிப் போய் அங்கே கட்டுங்கள்.