பல் மருத்துவரிடம் கேளுங்கள்: சிரிப்பு, கிளிப், உதட்டு ஊசி

கேள்வி: எனக்கு 26 வயது. மேல் முன்பற்கள் எத்தலாக உள்ளன, சிரித்தால் ஈறும் தெரிகிறது, மேலுதடு மெல்லியது. நான் சென்ற மருத்துவமனையில் என் புதிய சிரிப்பைக் கணினியில் காட்டி, நான்கு பற்களை எடுத்துவிட்டு கிளிப் போட வேண்டும் என்றார்கள். உதட்டைப் பருமனாக்கும் ஃபில்லர் ஊசியையும் இந்த மாதமே போட்டுக்கொண்டால் கட்டணம் குறையுமாம். பல் எடுப்பது, கிளிப், ஊசி மூன்றையும் சேர்த்துச் செய்யலாமா?
- வாசகி, மதுரை

பதில்: மூன்றையும் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது, ஒரே சமயத்தில் செய்வது நல்லதல்ல. உதட்டு ஊசியை இப்போது போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

உதடு பற்களின் மேல்தான் சாய்ந்திருக்கிறது. முன்கடைவாய்ப் பற்கள் நான்கை எடுத்து, அந்த இடத்துக்கு முன்பற்களை இழுக்கும்போது மேலுதடும் கூடவே உள்ளே போகும். எவ்வளவு போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், தடித்த உதட்டைவிட மெல்லிய உதடு பற்களை நெருக்கமாகப் பின்தொடரும். எத்தலான பற்களை மூடுவதற்காக இழுபட்டிருப்பதாலும் உங்கள் உதடு மெலிந்து தெரியலாம். அப்படியானால் பற்கள் உள்ளே போனதும் அந்த இறுக்கம் தளர்ந்து, வாய் சிரமமில்லாமல் மூடும். ஆகவே இன்று ஊசி போடப்போகும் உதடு, கிளிப்பைக் கழற்றும்போது இதே வடிவத்தில் இருக்காது. தவிர, இத்தகைய கிளிப் சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும்; உதட்டில் போடும் ஹையலூரானிக் அமில ஃபில்லரோ பெரும்பாலும் 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் கரைந்துவிடும்.

கணினியில் காட்டிய படத்தையும் அளவோடுதான் நம்ப வேண்டும். பிரேசில் நாட்டுப் பல் மருத்துவர் கிறிஸ்டியன் கோச்மன் பரவலாக்கிய டிஜிட்டல் ஸ்மைல் டிசைன் முறையில் முகத்தின் நடுக்கோடு, கண்களின் கிடைக்கோடு, பேசும்போதும் சிரிக்கும்போதும் உதடு நகரும் விதம் ஆகியவற்றை ஒளிப்படத்திலும் வீடியோவிலும் பதிந்து, பல் எங்கே நிற்க வேண்டும் என்று வரைகிறார்கள். போய்ச் சேர வேண்டிய இடத்தை நோயாளியும் மருத்துவர்களும் ஒன்றாகப் பார்க்க இது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் முன்பக்கப் படத்தில் பல்லை நகர்த்துவது எளிது, எலும்புக்குள் வேரை நகர்த்துவது அப்படியல்ல. உங்கள் விஷயத்தில் முக்கியமான பக்கவாட்டுத் தோற்றமும் அந்தப் படத்தில் தெரியாது. பற்களின் மேல் தற்காலிகப் பிசின் ஒட்டி வாயிலேயே பார்க்கும் மாதிரியும் உங்களுக்கு அதிகம் உதவாது. அதில் பல்லைப் பெரிதாக்கிக் காட்டலாமே தவிர, உள்ளே தள்ளிக் காட்ட முடியாது. எனவே தலையின் பக்கவாட்டு எக்ஸ்-ரேயை வைத்துத்தான் பல் எடுப்பதை முடிவு செய்ய வேண்டும். மெல்லிய உதடுள்ளவருக்குப் பற்களை அளவுக்கு மீறி உள்ளே இழுத்தால் வாய்ப்பகுதி தட்டையாகிவிடும் என்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஈறு தெரிவது வேறு கணக்கு. பல்லை ஈறு பாதி மூடியிருந்தால் ஈறைச் சிறிது திருத்தினாலே போதும். மேல்தாடை கீழ்நோக்கி நீண்டு வளர்ந்திருந்தால் எலும்பில் சிறு திருகாணிகள் பொருத்திப் பற்களை மேலேற்றுவார்கள், மிகுதியானால் தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும். சிரிக்கும்போது உதடு 6 முதல் 8 மில்லிமீட்டர் உயர்வது இயல்பு. அதற்கு மேல் உயர்ந்தால் மூக்கின் ஓரத்தில், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போடுவதுண்டு, அதன் பலன் சில மாதங்களே நிற்கும். எது காரணம் என்று உங்களுக்கு அளந்து சொன்னார்களா?

கிளிப்பைக் கழற்றி, பற்கள் மீண்டும் நகராமல் பிடித்து வைக்கும் ரீடெய்னர் அணிந்து, உதடு நிலைபெறச் சில மாதங்கள் விட்ட பிறகும் உதடு மெலிந்திருப்பதாகத் தோன்றினால் அப்போது ஃபில்லரை யோசிக்கலாம். அதைக் கரைக்கும் ஹையலூரோனிடேஸ் மருந்து ஊசி போடும் அறையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி போட்டபின் உதடோ சுற்றியுள்ள தோலோ வெளுத்தாலும், திட்டுத் திட்டாக நிறம் மாறினாலும், வலி கூடிக்கொண்டே போனாலும் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கக்கூடும். மறுநாள் வரை காத்திராமல் உடனே ஊசி போட்ட மருத்துவரிடம் போக வேண்டும். உதட்டில் அடிக்கடி அக்கி வருபவரானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டணச் சலுகைக்காக அவசரப்பட வேண்டாம். எக்ஸ்-ரேயையும் பல் அளவுகளையும் கேட்டு வாங்கி, பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் முடித்த இன்னொரு மருத்துவரிடம் காட்டி, பல் எடுக்காமலே சரிசெய்ய வழியுண்டா என்று கேட்டபின் முடிவெடுங்கள்.