மலையேறப் போக கேமரா பேக்கு எது நல்லது? கேனான் ஆர்50, ரெண்டு லென்ஸ், பட்ஜெட் 6000

தம்பி, நீங்க கேட்டது இதுதான? திண்டுக்கல்ல இருந்து வர்றீங்க, போடி பக்கம் குரங்கணியில இருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுற ரூட்டு, அப்புறம் கொழுக்குமலை, கையில ஆர்50, 18-45, 55-210ன்னு ரெண்டு லென்ஸு, கேமரா பேக்குன்னு தேடுனா நூறு வருது, எத வாங்கன்னு தெரியல. நான் போடிக்காரன், ஏலக்கா கடையில வேலை, லீவு கிடைச்சா கேமராவ தூக்கிட்டு மலைக்கு போயிருவேன். பேக்குல மட்டும் ரெண்டு தடவ காசை கரியாக்கிருக்கேன், அதனால சொல்லலாம்னு நெனைக்கிறேன்.

முதல்ல எடைய பாருங்க. உங்க ஆர்50 பேட்டரி கார்டோட 375 கிராம், 18-45 ஒரு 130, 55-210 ஒரு 270, மொத்தம் 775 கிராம். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலு இத விட கனம். குரங்கணியில இருந்து ஏறுறதுக்கு ஆளுக்கு ரெண்டு லிட்டராவது வேணும், சாப்பாடு, ஜெர்கின், டார்ச்சு, மாத்து பனியன்னு பாத்தா கேமரா கால்வாசிகூட வராது. ஆனா கடையில கேமரா பேக்குன்னு விக்கிறதுல முக்கால்வாசி இடத்த ஸ்பாஞ்ச் வச்சு தடுத்து அறை கட்டிருப்பான், தண்ணிக்கு ஓரத்துல ஒரு சின்ன வலைப்பை, சாப்பாட்ட வைக்க இடமே இருக்காது. லேப்டாப்புக்கு வேற அறை, மலை மேல யாரு லேப்டாப்ப தொறக்கப் போறா?

நான் மொதல்ல வாங்குனது அப்படி ஒண்ணுதான். என்கிட்ட இருக்கறது நிக்கான் டி7500, 18-140, பறவைக்குன்னு 200-500, அந்த ஒரு லென்ஸே 2300 கிராம். ஒரு நாள் கடை தராசுலயே எல்லாத்தையும் ஒவ்வொண்ணா வச்சு பாத்தேன் (முதலாளி ஊர்ல இல்ல), கேமரா லென்ஸு மூணரை கிலோ, தண்ணி ரெண்டு, டிரைபாட் ஒன்றரை, சோறு துணி ஒன்றரை, காலி பேக்கே ஒரு கிலோ எண்ணூறு, பத்து கிலோவ தாண்டிருச்சு. அந்த பேக்குல இடுப்புல மாட்டுறதுக்கு ஒரு நாடா இருந்துச்சு, நாடாதான், பெல்ட்டு இல்ல, பேக்கு ஆடாம பிடிக்குமே தவிர கனத்த வாங்காது. நடுவழியில இருக்கற சென்ட்ரல் ஸ்டேஷன்ங்கற ஊர் வர்றதுக்குள்ள ரெண்டு தோளும் செவந்து, கை மரத்துப் போயி, மேல போனதும் கேமராவ எடுக்கவே மனசு வரல. அந்தக் காலத்துல மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன்ல இருந்து ரோப்வேயில கொட்டகுடிக்கு இறங்கி அப்புறம் போடிக்கு வருமாம், அதுதான் மலை உச்சிக்கு ஸ்டேஷன்னு பேரு வந்த கதை. மூணாறு பக்கத்து குட்டி ரயில 1924 வெள்ளம் அடிச்சுட்டு போயிருச்சு, ரோப்வேயும் இல்ல, இப்ப எல்லாம் நம்ம முதுகுதான்.

அதனால நான் சொல்றது, கேமரா பேக்குன்னு தேடாம ஒரு நல்ல ட்ரெக்கிங் பேக்கா வாங்குங்க, 25ல இருந்து 30 லிட்டர் போதும், அதுக்குள்ள கேமராவுக்கு தனியா ஸ்பாஞ்ச் பெட்டி ஒண்ணு, இன்சர்ட்டுன்னு ஆன்லைன்ல கிடைக்கும், நான் பழைய யோகா மேட்டை வெட்டி பை தைக்கிற கடையில குடுத்து தைச்சு வாங்கிட்டேன். உங்க கேமரா சைசுக்கு ஒரு டிபன் பாக்ஸ் அளவு இருந்தா தாராளம். ஊர்ல கல்யாணம் காட்சின்னா அந்த பெட்டிய மட்டும் எடுத்து சாதா பையில போட்டுக்கலாம்.

பேக்கு எடுக்கறப்ப லிட்டர விட முக்கியம் முதுகு நீளம். தலைய குனிஞ்சா பின்கழுத்துல ஒரு எலும்பு துருத்தும்ல, அங்க இருந்து இடுப்பெலும்போட மேல் விளிம்பு மட்டத்துக்கு டெய்லர் டேப்புல யாரையாவது அளக்கச் சொல்லுங்க. எனக்கு எங்க அக்காதான் அளந்துச்சு, 17 இன்ச்சு, உயரமா இருக்கோம்னு நான் ரெண்டாவது பேக்க பெரிய சைஸா எடுத்து வச்சிருந்தேன், பெல்ட்டு இடுப்புல உக்காராம பின்னாடி தொங்குனதுக்கு அதுதான் காரணம். பெல்ட்டு வயித்துல இல்ல, இடுப்பெலும்பு மேல உக்காரணும், இழுத்து மாட்டுனதும் தோள்ல கனம் பாதிக்கு மேல கொறஞ்சத நீங்களே உணரணும். கடையில காலி பேக்க மாட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு வந்துராதீங்க, காலியா மாட்டுனா எல்லா பேக்கும் நல்லாத்தான் இருக்கும். எதிர்த்த பலசரக்கு கடையில 5 கிலோ அரிசிப்பை ஒண்ணு வாங்கி உள்ள போட்டு பத்து நிமிஷம் நடந்து பாருங்க, கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும், அரிசி வீட்டுக்கு ஆகும்ல.

அப்புறம் மழை. இதுல நான் பட்டது கொஞ்ச நஞ்சம் இல்ல. பேக்கோட ரெயின் கவர் வருது, அது போதும்னு நெனைச்சு ஜூலையில போனேன். நம்ம பக்கம் வெறும் சாரல்தான், மேட்டுல ஏறி கேரளா பக்கம் எட்டிப் பாத்தா அங்க கொட்டிட்டு இருக்கு, காத்து வேற. ரெயின் கவர் வெளிப்பக்கத்த மட்டும்தான் மூடும், முதுகு பக்கம் தொறந்துதான் கெடக்கும், நம்ம கழுத்துல வடியுற தண்ணி முதுகு வழியா இறங்கி கவருக்குள்ள அடியில குளம் மாதிரி தேங்கி நின்னுருச்சு. அடியில இருந்தது என்ன, கேமராதான். தோட்டத்துல மழைக்கு கொங்காணி போட்டு வேலை பாத்துட்டு இருந்த ஒரு அம்மா பாத்துட்டு, “ஏந்தம்பி, வெளிய மூடுறியே, உள்ள ஒரு சாக்கு போட்டா என்ன?”ன்னு கேட்டாங்க. தலையில அடிச்சுக்கிட்டேன். ஏலக்காயோட பச்சை நிறம் போகாம இருக்க கறுப்பு பாலிதீன் கவர உள்ள போட்டு அதுக்கு மேலதான சாக்கு, தினமும் நானே செய்யற வேலை! இப்ப பேக்குக்குள்ள அதே கவர்தான், அதுக்குள்ள எல்லாத்தையும் வச்சு வாய முறுக்கி மடிச்சு சொருகிருவேன். ரெயின் கவரும் போடலாம், ஆனா நம்பிக்கை உள்ள இருக்கற கவர் மேலதான்.

எந்தப் பக்கம் தொறக்கறதுன்னும் பாருங்க. முதுகு பக்கம் ஜிப் வச்சு தொறக்கறது நல்லது, ஏன்னா பேக்க வெளிப்பக்கம் கீழ இருக்கற மாதிரி சேத்துல வச்சாலும் நம்ம முதுகுல படுற பக்கம் சேறாகாது, அட்டையும் கொஞ்சம் கம்மியா ஏறும். பக்கவாட்டுல தொறக்கறது வேகம்தான், ஆனா ஜிப்ப மூட மறந்தா போச்சு, நான் மறந்து 18-140 உருண்டு அதோட முன்னாடி மாட்டுற ஹூட் ஒடைஞ்சு போச்சு, லென்ஸ் தப்பிச்சது புல்லு புண்ணியம்.

ஆனா எந்தப் பக்கம் தொறந்தாலும் பேக்குக்குள்ள இருக்கற கேமராவால படம் எடுக்க முடியாது. இருவாச்சி பறந்து வர்றது ரயில் வர்ற மாதிரி றெக்கை சத்தம் கேக்கும், நீங்க பேக்க எறக்கி, பெல்ட்ட அவுத்து, கவர பிரிச்சு எடுக்கறதுக்குள்ள அது அடுத்த மலைக்கு போயிருக்கும். உங்க கேமரா லேசுதான, தோள் வார்ல மாட்டுற கிளிப்பு ஒண்ணு வாங்கி நெஞ்சு பக்கம் மாட்டிக்கோங்க, மழை வந்தா மட்டும் உள்ள. என் 200-500ஐ அப்படி தொங்க விட முடியாது, அதனால உங்க மேல எனக்கு கொஞ்சம் பொறாமை.

கொழுக்குமலைக்கு நடக்க வேண்டாம், சூரியநெல்லியில இருந்து ஜீப்புதான், ஆனா அந்த ரோட்டுல பேக்க ஜீப் தரையில வைக்காதீங்க, மடியில வச்சுக்கோங்க, ஸ்பாஞ்ச் எவ்வளவு இருந்தாலும் அந்த குலுக்கலுக்கு லென்ஸ் ஸ்க்ரூ லூசாகும். விடியக்காலைக் குளிர்ல எடுத்த கேமராவ கவர்ல கட்டி வச்சுட்டு கீழ வந்து சூடு பழகுனதும் பிரிங்க, போடி வெக்கையில பட்டுன்னு தொறந்தா கண்ணாடியில வேர்த்துரும். வீட்டுக்கு வந்ததும் கேமராவ வெளிய எடுத்து வச்சுட்டு பேக்க நிழல்ல காய விடுங்க. ஈரத்தோட பரண்ல போட்டா லென்ஸ்ல பூஞ்சை, பேக்கு உள்பக்க கோட்டிங் ரெண்டு வருஷத்துல பிசுபிசுன்னு உரிய ஆரம்பிக்கும். எனக்கு ரெண்டாவது பேக்கு அப்படித்தான் போச்சு.

பட்ஜெட் 6000ல பேக்கு, இன்சர்ட்டு, கிளிப்பு மூணும் அடக்கணும்னா பேக்குக்கு மட்டும் காச கொறைக்காதீங்க, இன்சர்ட்ட நான் சொன்ன மாதிரி தைச்சுக்கலாம். குரங்கணிக்கு வனத்துறை பர்மிஷன் வாங்காம வந்துராதீங்க, 2018 மார்ச்சு தீயில 23 பேரு போன மலை அது. அந்த கறுப்பு கவர் உங்க ஊர்ல கிடைக்கலன்னா வர்றப்ப போடியில இறங்கி எந்த ஏலக்கா கடையிலயும் கேளுங்க, ஒண்ணு ரெண்டு சும்மாவே குடுப்பாங்க.