ஒரு முறை போய் வந்த நிலாவுக்கு மறுபடியும் எதற்குப் போக வேண்டும்?

"அமெரிக்காவின் அப்போலோ ஆட்கள் அப்போதே கல்லும் மண்ணும் அள்ளி வந்துவிட்டார்கள். இன்னும் எதற்குக் கோடி கோடியாகச் செலவு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நிலவியல் படித்தவன். கல்லூரிக் காலத்தில் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்குக் கள ஆய்வுக்குக் கூட்டிப்போனார்கள். வெயிலில் கண் கூசும் வெளிர்பாறை. 'அனார்த்தோசைட்' என்று நோட்டில் எழுதிக்கொண்டதோடு சரி, மதியச் சாப்பாடு எப்போது என்பதுதான் அன்றைய கவலை. பிறகு சந்திரயான்-2 சோதனைகளுக்காக இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தபோது, அந்தப் பக்கத்துப் பாறையைத்தான் அரைத்தார்கள் என்று படித்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நிலாவில் வெளிறித் தெரியும் மேட்டுநிலம் பெரும்பாலும் இந்த வகைப் பாறைதான். பிறந்த புதிதில் நிலா கொதிக்கும் பாறைக் குழம்பாக இருந்தது, கனமான தாதுக்கள் அடியில் இறங்க, லேசானவை பாலில் ஏடு படிவதுபோல மேலே மிதந்து உறைந்தன என்பது கருத்து. அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் கிடந்த சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகளிலிருந்து ஊகித்தது இது.

சிக்கல் என்னவென்றால், அப்போலோ இறங்கியது 6 இடங்களில். கொண்டுவந்தது 382 கிலோ. எல்லாம் நம்மைப் பார்த்த பக்கம், துருவங்களுக்கு வெகு தொலைவில். தஞ்சாவூர் வண்டலை மட்டும் அள்ளிப் பார்த்துவிட்டுத் தமிழ்நாடு முழுக்க இதே மண்தான் என்று சொல்ல முடியுமா? 2023-ல் நமது சந்திரயான்-3 இறக்கிவிட்ட பிரக்யான் ஊர்தி, தென் துருவத்தை நோக்கிய பகுதியில், தென் அட்சம் 69 பாகையில் சுமார் 100 மீட்டர் உருண்டு, 23 தடவை மண்ணை அளந்தது. அங்கும் அதே ஏடுதான். 'பாறைக் குழம்புக் கடல்' கருத்துக்கு அது நல்ல பலம்.

ஆனால் பாறையின் வயதைத் துல்லியமாகக் கணிக்க, கல் ஆய்வகத்துக்கு வந்தாக வேண்டும். விண்கல் மோதலில் உருகிய அப்போலோ கற்கள் பலவற்றின் வயது 390 கோடி ஆண்டை ஒட்டியே வருகிறது. அந்தக் காலத்தில் விண்கற்கள் சரமாரியாக விழுந்தனவா, இல்லை ஒரே மோதலில் உண்டான இம்ப்ரியம் என்ற நிலாப் பெரும்பள்ளத்தின் சிதறல்தான் ஆறு இடங்களிலும் கிடந்ததா? அதே இடங்களின் கல்லை வைத்துக்கொண்டு இதைத் தீர்ப்பது கஷ்டம். 2024 ஜூனில் சீனாவின் சாங்ஒ-6 மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் கொண்டுவந்ததை நான் பெரிதாக நினைப்பது அதனால்தான். நமது சந்திரயான்-4 திட்டமும் மண் எடுத்துவரத்தான்.

நிலாப் பனியிலிருந்து ராக்கெட் எரிபொருள் செய்யலாம் என்கிறார்கள். நடக்கலாம். அதை நம்பி நான் வரிப்பணம் கேட்க மாட்டேன்.

சரி, ஆள் போக வேண்டுமா, இயந்திரம் போதாதா? அப்போலோவில் நிலாவில் இறங்கிய 12 பேரில் நிலவியலாளர் ஒருவர்தான், ஹாரிசன் ஷ்மிட். 1972 டிசம்பரில், சாம்பல் நிறத் தரையில் கால்பட்டுக் கிளறிய இடம் ஆரஞ்சாக இருப்பதைக் கவனித்தவர் அவர்தான். பழைய எரிமலை பீய்ச்சிய கண்ணாடி மணிகள் அவை. சித்தம்பூண்டியில் அன்று நின்ற என்னை அனுப்பியிருந்தால் மிதித்துவிட்டுப் போயிருப்பேன்.