டெர்மினலில் இருந்து கொன்சோலைத் திறக்கும் லிங்க்: வைபரில் போனால் என்ன ஆகும்?

கேள்வி: அண்ணா, கொக்குவிலில் நாலு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். கனடாவில் உள்ள ஒரு வாடிக்கையாளரின் மூன்று ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கணக்குகள் எங்கள் கையில். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் அடித்துக்கொண்டிருக்க முடியாது என்று ஏடபிள்யூஎஸ் வால்ட் என்ற கருவியைப் போட்டு, அதன் லொகின் கமாண்டால் கொன்சோலை, அதாவது கணக்கை நிர்வகிக்கும் இணையப் பக்கத்தை, திறக்கிறோம். ஒரு மணித்தியாலத்தில் வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டாவது கணக்கைத் திறக்கப் போனால் முதலில் லொக் அவுட் செய்யச் சொல்கிறது. ஒருவர் எடுத்த லிங்கை வைபரில் மற்றவருக்கு அனுப்பினால் சில நேரம் திறக்கிறது, சில நேரம் திறக்கவில்லை. எங்கே பிழை?

பதில்: தம்பி, நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் சொன்னதைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டும். அந்த லிங்கை வைபரில் அனுப்புவதை இன்றோடு விடுங்கள். ஏன் என்று விளங்க, கமாண்டை அடித்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் நிரந்தர ஆக்சஸ் கீயை (டெர்மினலில் இருந்து கணக்கை அணுகும் திறவுகோல்) வால்ட் சாதாரணக் கோப்பில் போட்டு வைப்பதில்லை. மெக்கில் கீசெயின், விண்டோஸில் கிரெடென்ஷியல் மனேஜர் என்று அந்தந்த இயங்குதளத்தின் பெட்டகத்தில்தான் பூட்டி வைக்கிறது. அதை எடுத்து, தற்காலிக அனுமதி வழங்கும் எஸ்டிஎஸ் என்ற ஏடபிள்யூஎஸ் சேவையிடம் காட்டி, தற்காலிகமாக மூன்று பொருட்களை வாங்குகிறது: ஒரு கீ, ஒரு ரகசியம், ஒரு செஷன் டோக்கன். அந்த மூன்றையும் ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபெடரேஷன் முகவரிக்கு அனுப்பினால் சைன்-இன் டோக்கன் ஒன்று திரும்பி வரும். அதை ஒரு நீண்ட லிங்கின் வாலில் ஒட்டிப் பிரவுசரைத் திறந்துவிடுகிறது. அவ்வளவுதான். பாஸ்வேர்ட் கேட்கப்படுவதில்லை, எம்எஃப்ஏ எண்ணும் (பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பு எண்) அந்த இடத்தில் கேட்கப்படுவதில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு வீதி மறித்தால், உள்ளே வீடு உள்ளவர்களுக்கு வாகனப் பாஸ் கொடுப்பார்கள் அல்லவா? தடுப்பில் நிற்பவர் கண்ணாடியில் பாஸ் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார், ஓட்டுகிறவர் வீட்டுக்காரர்தானா என்று விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார். உங்கள் லிங்கும் அப்படித்தான். யார் திறந்தாலும் அவர் நீங்கள்தான். அந்த டோக்கனின் ஆயுள் 15 நிமிடம். நண்பர் உடனே தட்டினால் திறக்கும், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தட்டினால் திறக்காது. உங்கள் 'சில நேரம்' இதுதான்.

ஏற்கெனவே அனுப்பிய லிங்குகள் இப்போது செத்துவிட்டன, பயமில்லை. ஆனால் அந்த 15 நிமிடத்துக்குள் வேறு யாராவது ஒன்றைத் திறந்திருந்தால், அந்தச் செஷன் தன் நேரம் முடியும்வரை ஓடும். ஆக்சஸ் கீயை மாற்றினாலும் அது மூடாது. ரோல் (தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும் அனுமதித் தொகுப்பு) வழியாக நுழைந்திருந்தால், அனுமதிகளை நிர்வகிக்கும் ஐஏஎம் பகுதியில் அந்த ரோலின் பக்கத்துக்குப் போய், செஷன்களை ரத்துச் செய்யும் பகுதியில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அந்த நிமிடத்துக்கு முன் வழங்கிய டோக்கன் எல்லாவற்றுக்கும் அனுமதி மறுக்கும் ஒரு பொலிசியை அது ரோலில் ஒட்டிவிடும். உங்கள் ஆட்களும் சேர்ந்துதான் வெளியே விழுவார்கள், திரும்ப லொகின் செய்துகொள்ளலாம்.

நாலு பேருக்கும் தனித்தனி அடையாளம், தனித்தனிக் கீ வேண்டும். அதோடு ஏடபிள்யூஎஸ் அமைப்புகளை எழுதி வைக்கும் கொன்ஃபிக் கோப்பில் ரோல் செஷன் நேம் என்ற வரியில் ஒவ்வொருவரும் தன் பெயரைப் போடுங்கள். போடாவிட்டால் வால்ட் அந்தக் கணத்தின் நேரத்தை ஒரு நீண்ட எண்ணாக்கிப் பெயராக வைத்துவிடும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு இரவு ஃபயர்வோல் விதி ஒன்று காணாமல் போனது. யார் எதைச் செய்தார் என்று குறித்து வைக்கும் கிளவுட்ட்ரெயில் பதிவில் அழித்தவரின் பெயருக்கான இடத்தில் 19 இலக்க எண் ஒன்று இருந்தது. அரை நாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். எல்லோரும் 'நானில்லை' என்றார்கள். அடுத்த நாள்தான் தெரிந்தது, அழித்தது நான்தான்.

சரி, ஒரு மணித்தியாலக் கதை. லிங்கின் 15 நிமிடம் வேறு, உள்ளே போன பிறகு ஓடும் செஷன் நேரம் வேறு. செஷன் நேரத்துக்கு ரோலில் ஒரு உச்சவரம்பு இருக்கும். புதிதாக உருவாக்கிய ரோலில் அது 1 மணித்தியாலம், 12 வரை கூட்டலாம். அதைக் கூட்டினால் மட்டும் போதாது, கேட்கிறவரும் கூடுதலாகக் கேட்க வேண்டும்: கொன்ஃபிக்கில் டியூரேஷன் செக்கன்ட்ஸ் வரியில் 14400 போட்டால் 4 மணித்தியாலம். ஒரு இடத்தில் மட்டும் இந்தப் பருப்பு வேகாது. ஒரு ரோலுக்குள் போய், அங்கிருந்து இன்னொரு ரோலுக்குத் தாவினால் 1 மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்காது, எவ்வளவு கேட்டாலும். என்னைக் கேட்டால் சோதனைக் கணக்குக்கு 4 வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் நேரடிக் கணக்கை 1 மணித்தியாலத்திலேயே விடுங்கள். அங்கே கஷ்டம் கொஞ்சம் இருப்பது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சீக்கிரம் கேட்பீர்கள். கொன்ஃபிக்கில் ரோல் எதுவும் குறிப்பிடாத புரொபைலில் (ஒரு கணக்குக்கான பகுதி) லொகின் செய்தால், வால்ட் ஃபெடரேஷன் டோக்கன் என்ற வேறு வழியில் போகும். அந்த வழியில் எம்எஃப்ஏ கொடுத்ததற்கான அடையாளம் கூட வராது. 'எம்எஃப்ஏ இல்லாமல் எதையும் தொடாதே' என்று பொலிசி போட்டிருந்தால், கொன்சோல் அழகாகத் திறக்கும், உள்ளே பார்க்கிற இடமெல்லாம் சிவப்பில் அனுமதி மறுப்பு. அந்தப் புரொபைலில் எம்எஃப்ஏ சீரியலோடு (உங்கள் எம்எஃப்ஏ சாதனத்தின் அடையாளம்) ஒரு ரோலை எழுதிவிட்டால் தீர்ந்தது.

லொக் அவுட் தொல்லைக்கு வருவோம். 2025 ஜனவரியில் இருந்து கொன்சோலில் பல செஷன் வசதி இருக்கிறது: ஒரே பிரவுசரில் ஐந்து வரை. மேலே வலது பக்கம் கணக்கின் பெயரைத் தட்டி அதை இயக்க வேண்டும். எனக்கு அதைவிட ஃபயர்ஃபொக்ஸ் கன்டெய்னர் (ஒரே பிரவுசரில் லொகின்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது) பிடிக்கும், நேரடிக் கணக்குக்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிடுவேன். கிரான்டட் என்ற கருவி கணக்குக்கு ஒரு கன்டெய்னராகத் தானே திறந்து தரும். வால்ட்டையே வைத்திருக்க விரும்பினால், லிங்கைத் திறக்காமல் டெர்மினலில் மட்டும் காட்டும் ஓப்ஷன் உண்டு. எடுத்து வேண்டிய கன்டெய்னரில் ஒட்டலாம். சூமில் திரையைப் பகிர்ந்துகொண்டு மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

ஒரே லேப்டொப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறீர்களா? லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று வாசிக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். ஒன்றில் இருந்து மற்றதற்கு மாறினால் நம் ஊரில் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிசகும். நேரம் 5 நிமிடத்துக்கு மேல் தப்பினாலே, கோரிக்கையின் கையொப்பம் பிழை என்று ஏடபிள்யூஎஸ் திருப்பிவிடலாம். கீயைக் குறை சொல்லமுதல் கடிகாரத்தைப் பாருங்கள்.

அப்புறம், ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்த டெர்மினல் கருவியான சிஎல்ஐயில் 2025 கடைசியில் லொகின் என்றே ஒரு கமாண்ட் வந்தது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது எதிர்த் திசை, பிரவுசரில் நுழைந்ததை வைத்து டெர்மினலுக்கு அனுமதி தருவது. வால்ட்டைப் பொறுத்தவரை, 99டிசைன்ஸ் தொடங்கிய மூலத் திட்டம் இப்போது பராமரிப்பில் இல்லை. பைட்நெஸ் என்ற கிளையில்தான் வேலை தொடர்கிறது. நாலு லேப்டொப்பிலும் எது ஏறியிருக்கிறது என்று ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.